வெயில் எட்டாத அறைக்கும் பசுமை உண்டு

கோலார் தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயராலேயே வழங்கிவரும் குடியிருப்புகளில், வரிசை வரிசையாக நெருங்கி நிற்கும் லைன் வீடுகளின் உள்ளறைக்குள் உச்சிப் பொழுதில் நுழைந்தாலும், வாசலில் கொட்டிக் கிடக்கும் வெயிலுக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லையோ என்று ஐயுறத்தக்க அரையிருள்தான் நம்மை எதிர்கொள்கிறது. அந்த அரையிருளிலும், சுவாமி படத்துக்கு அருகிலோ தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்திலோ ஹார்லிக்ஸ் பாட்டிலில் நீர் நிரப்பி, ஒரு மணி பிளாண்ட் கொடியை இட்டு வைத்து, அது தளிர்க்கிறதா என்று நாள்தோறும் பார்த்து மகிழும் ஆசை மட்டும் எந்த வீட்டாருக்கும் குறைந்தபாடில்லை. கொடியோ சில மாதம் பிழைத்திருந்து, பின் இலை சிறுத்து, நிறம் வெளுத்து, ஒவ்வொன்றாக மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் அதே கொடி சன்னல் கம்பியெல்லாம் படர்ந்து செழித்திருப்பதைக் காணும்போது, 'அவர்களுக்குக் கைராசி. நமக்கு வாய்க்கவில்லை' என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது.

கைராசியின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆயின் செடி அறிந்தது கைராசியை அன்று, வெளிச்சத்தை. இருட்டிலே வளரும் பச்சைச் செடி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. சொற்ப வெளிச்சத்தைக் கொண்டு திருப்தியடையும் செடிகள் உண்டு. அந்தச் சொற்ப வெளிச்சமும் இல்லாத அறையில் அதை விளக்கின் மூலம் அளந்து கொடுப்பது இன்று எந்த ஏழைக் குடும்பத்துக்கும் இயலாத காரியம் அன்று. இதனை நன்கு உணர்ந்துகொண்டால், சூரியன் எட்டிப் பாராத அறையிலும் ஆண்டு முழுவதும் பசுமை தழைத்திருக்கச் செய்யலாம்.

பாதாளத்து இருளும் வீட்டை எட்டாத விளக்கும்

வெளிச்சத்தின் அருமையைத் தங்கவயல் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதே இல்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் லண்டன் கம்பெனியார் இங்கே சுரங்க நிர்வாகத்தைக் கையேற்ற காலம் முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் சுரங்கங்களை மூடிய நாள் வரையில், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ் மக்களும், அவர்தம் பிள்ளைகளும் பேரர்களும், கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிப் பூமியின் வயிற்றுக்குள் இறங்கி, சூரியன் என்று ஒன்று இருப்பதையே மறக்கச் செய்யும் இருளில் தங்கள் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைமட்டத்துக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரி செல்ஸியஸைத் தாண்டியது. தன் தலையில் மாட்டிய விளக்கு எவ்வளவு தூரம் வட்டமிடுகிறதோ அவ்வளவே அங்கு ஒரு தொழிலாளிக்கு உலகம்.

அதே தங்கவயல்தான் மின்சாரத்தின் சரித்திரத்திலும் முதல் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. மைசூர் சமஸ்தானத்துத் திவான் சேஷாத்ரி ஐயரின் ஆட்சிக் காலத்தில் வித்திடப்பட்டு, 1901-ல் அவர் காலமான பின், அடுத்த ஆண்டே பலன் கொடுத்த சிவசமுத்திரம் நீர்மின் திட்டம், காவேரி அருவியின் வேகத்தை மின்சாரமாக்கி, ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பி வழியே கொணர்ந்து, 1902-ஆம் ஆண்டில் இங்குள்ள சுரங்கங்களுக்கு வழங்கிற்று. அந்நாளில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. பெங்களூர் நகரத்துத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905-ல்தான். இத்தனை பெருமைக்கும் நடுவே ஒரு வேதனையையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இயந்திரங்களை ஓட்டுவதற்கென்றே வந்த அந்த மின்சாரம், மூங்கில் தட்டிகளால் எழுப்பிய, சன்னலே இல்லாத குடிசைகளில் வாழ்ந்த தொழிலாளியின் வீட்டை எளிதில் எட்டவில்லை. பூமிக்கு அடியில் இருளில் உழைத்தவன் மேலே வந்தும் இருளிலேயே உண்டு உறங்கினான்.

இன்றைக்குச் சுரங்கம் இல்லை. ஆனால் மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று, பெங்களூரில் பகலெல்லாம் வேலை செய்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். வாரத்தில் ஆறு நாள் தம் வீட்டை விளக்கு வெளிச்சத்தில் மட்டுமே பார்க்கும் இவர்களுக்கு, விளக்கு வெளிச்சத்திலேயே வளரும் ஒரு செடி வீட்டில் இருக்குமானால் அது வெறும் அலங்காரம் ஆகாது. நாள் முழுதும் கான்கிரீட்டையும் கண்ணாடியையும் கண்டு களைத்த கண்களுக்கு அதுவே ஆறுதல்.

வெளிச்சமே செடிக்கு உணவு

தொட்டியில் இடும் எருவும் ஊற்றும் தண்ணீருமே செடியின் ஆகாரம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எருவிலிருந்து செடி பெறுவது உப்புச் சத்துக்களை மட்டுமே; தன் உடலைக் கட்டும் சர்க்கரையை அது காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேரில் உறிஞ்சிய நீரையும் சேர்த்துத் தானே சமைத்துக்கொள்கிறது; அந்தச் சமையலுக்கு எரிபொருள் வெளிச்சம். யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு வைத்தியர், செடியின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதை நீரில் எழும் குமிழிகளைக் கொண்டு ஆராய்ந்து 1779-ல் வெளியிட்டார். ஒளிச்சேர்க்கை என்று நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சாஸ்திரத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

செடி சம்பாதிப்பது வெளிச்சம் உள்ள நேரத்தில் மட்டுமே. செலவழிப்பதோ இரவும் பகலும் இடைவிடாமல். சுவாசிப்பதற்கும், பழுதுபட்ட திசுக்களைச் சீர் செய்வதற்கும், வேரை உயிரோடு வைத்திருப்பதற்கும் சர்க்கரை செலவாகிக்கொண்டே இருக்கிறது. குடும்பத்தில் வரவும் செலவும் சரியாக நின்றால் கடனில்லாமல் காலம் தள்ளலாம், வரவு மிஞ்சினால் வீடு கட்டலாம், செலவு மிஞ்சினால் நகைநட்டை விற்கத்தான் வேண்டும் என்பது போல, செடிக்கும் வரவு செலவு ஒத்து நிற்கும் ஒரு வெளிச்ச அளவு உண்டு. அதற்கு மேல் கிடைத்தால் தளிர் விடும். அதற்குக் கீழே போனால் பழைய இலைகளில் சேமித்ததை உருவித் தின்று, அவற்றை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். மா, ரோஜா, மல்லிகை போன்ற வெயில் ஜாதிகளுக்கு இந்த அளவு அதிகம். நிழல் ஜாதிகளுக்கு மிகவும் குறைவு. இருண்ட அறையில் வைத்த மணி பிளாண்ட் சில மாதம் பிழைத்திருப்பதைக் கண்டு, 'பார், இருட்டிலும் வளர்கிறதே' என்று நாம் வியக்கிற அந்த நாட்களில், உண்மையில் அது கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

முளைப்பாரி சொல்லும் பாடம்

வெளிச்சமே இல்லாமல் பயிர் வளர்ப்பதைத் தமிழன் அறியாதவன் அல்லன். மதுரை, இராமநாதபுரம் முதலான தென்மாவட்டங்களில் அம்மன் திருவிழாவையொட்டி, மண்சட்டிகளில் வைக்கோலும் எருவும் பரப்பி, நவதானியங்களை விதைத்து, வெயில் புகாத அறையில் வைத்து, விரதம் இருந்து நீர் தெளித்து, கும்மி கொட்டிப் பாடிப் பெண்கள் வளர்க்கும் முளைப்பாரியைக் கண்டவர்கள், அதன் நிறத்தை மறக்க மாட்டார்கள். பச்சை என்பது பெயருக்கும் இல்லாமல், வெளிர் மஞ்சளாக, தந்தத்தின் மெருகோடு, வயலில் வளரும் நாற்றைக் காட்டிலும் வெகு உயரமாக அது நிமிர்ந்து நிற்கிறது. திருமணத்தில் முளைப்பாலிகை இடும் வழக்கமோ சிலப்பதிகாரத்துத் திருமணக் காட்சியிலேயே இடம்பெறும் அளவுக்குப் பழமையானது.

அந்த உயரம் ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. இருளில் முளைத்த விதை, வெளிச்சம் எங்கேயோ மேலே இருக்கிறது என்று தேடிக்கொண்டு, இலையை விரிக்காமல், பச்சையத்தை உண்டாக்காமல், தாய் விதை கட்டிக்கொடுத்த சோறு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது. சோறு தீரும் சமயத்தில் விழாவும் முடிந்து முளைப்பாரி நீரில் கரைக்கப்படுவதால் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் நம்மோடு வாழ வேண்டிய வீட்டுச் செடி அதே போல் நீளத் தொடங்கினால் அதனை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். உள்ளறையில் இருக்கும் மணி பிளாண்டைச் சற்று நெருங்கிப் பாருங்கள்: ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே உள்ள கணு இடைவெளி அடியில் இரண்டு விரற்கடையாக இருந்து, நுனிப்பக்கம் நான்கு, ஐந்து விரற்கடையாக நீண்டிருக்கும், புதிய இலை பழைய இலையில் பாதியளவே இருக்கும், இலையில் ஓடும் பொன்வரிகள் மங்கி வெறும் பச்சையாகியிருக்கும், கொடியின் நுனி சன்னல் இருக்கும் திசை நோக்கித் திரும்பியிருக்கும். செடி எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் இது. உரம் இட்டோ நீரை அதிகம் ஊற்றியோ இதற்குப் பதில் சொல்ல இயலாது.

காட்டின் அடித்தளத்து ஜாதிகள்

ஆனைமலையிலோ அகத்தியமலையிலோ மழைக்காட்டுக்குள் நுழைந்தவர்கள், வானளாவிய விருட்சங்களின் கீழே நடுப்பகலும் அந்திப் பொழுதாகத் தோன்றுவதை அறிவார்கள். மரக்கூரையின் மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் இத்தகைய காடுகளில் தரையை அடைகிறது. அந்த எச்சத்தைக் கொண்டே வாழப் பழகிய செடிகள் அகன்ற, மெல்லிய, கரும்பச்சை இலைகளை விரித்து, வந்து விழும் ஒவ்வொரு கிரணத்தையும் வீணாக்காமல் கிரகித்துக்கொள்கின்றன. நம் வீட்டு அறைகளுக்கு ஏற்றவை இந்த ஜாதிகளே.

மணி பிளாண்ட் பசிபிக் மாகடலின் மூரேயா தீவைப் பூர்வீகமாகக் கொண்ட கொடி. தென்கிழக்காசியக் காடுகளின் அடியில் வளரும் அக்லோனிமா, கரும்பச்சை இலைகொண்டதாயின் மிகக் குறைந்த வெளிச்சத்தையும் பொறுக்கும். இலையில் சிவப்பும் வெள்ளையும் மிகுந்த வகைகளுக்கோ பச்சையம் குறைவாதலால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கிழக்காப்பிரிக்காவிலிருந்து வந்த ஸீஸீ செடி, மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நம் நாட்டு வறண்ட நிலங்களில் நார் எடுப்பதற்குப் பயன்பட்ட மருள் கிழங்கின் மேற்கு ஆப்பிரிக்க உறவாகிய பாம்புச் செடி, அநேகமாக எதையும் சகித்துக்கொள்ளும். லண்டன் வீடுகளில் விக்டோரியா மகாராணியின் காலத்தில் வாயு விளக்கின் புகையையும் குளிரையும் இருளையும் தாங்கி நின்றமையால் இரும்புச் செடி என்றே பெயர் பெற்ற ஆஸ்பிடிஸ்ட்ரா, தங்கவயலின் மிதமான சீதோஷ்ணத்துக்கும் இசைந்தது.

அந்த லண்டன் புகைதான் மற்றொரு கண்டுபிடிப்புக்கும் காரணமாயிற்று. நகரத்தின் கரிப்புகையில் பெரணிகளை வளர்க்க முடியாமல் வருந்திய நத்தானியேல் வார்டு என்ற வைத்தியர், 1829-ஆம் ஆண்டளவில், ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிச் சீசாவில் அடைத்து வைத்திருக்க, அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணி தானாக முளைத்து, மூடிய சீசாவுக்குள்ளேயே நெடுநாள் வாழ்ந்தது. அதைக் கண்டு அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் பின்னாளில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார். காற்று உலர்ந்த தங்கவயல் கோடையில் பெரணி வளர்க்க விரும்புவோருக்கும் மூடிய கண்ணாடிப் பாத்திரமே சிறந்த வழி.

இந்தச் செடிகளைப் பற்றி வழங்கும் இரண்டு தவறான நம்பிக்கைகளையும் களைந்துவிட வேண்டும். பாம்புச் செடி இரவில் பிராணவாயு தரும் என்பது ஒன்று. இரவில் அது இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கிச் சேமிக்கிறது என்பது மெய்; பிராணவாயு பிறப்பதோ வெளிச்சத்தில்தான். அறையின் நச்சுக் காற்றைச் செடிகள் சுத்திகரிக்கும் என்பது மற்றொன்று. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமாகிய நாசாவில் வுல்வர்ட்டன் என்பவர் 1989-ல் செய்த சோதனை, காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டிகளில் நடந்தது. சாதாரண அறையில் சன்னலைத் திறந்து வைப்பதன் பலனைப் பெற ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டது. செடியை அதன் அழகுக்காகவே வளர்ப்போம். அதுவே போதிய நியாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும், மணி பிளாண்ட், அக்லோனிமா, டீஃபன்பாக்கியா ஆகியவற்றின் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும் என்பதை நினைவில் வைத்து, கைக்கெட்டாத உயரத்தில் அவற்றை வைக்க வேண்டும்.

விளக்கின் கணக்கு

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் அது ஒரு லட்சம். மேகம் மூடிய பகலிலும் பதினாயிரம் வரை இருக்கும். சன்னல் ஓரத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று நின்று, அறைக்குள் பத்தடி தள்ளினால் நூறுக்கும் ஐம்பதுக்கும் இறங்கிவிடும். நம் கண்மணி தானே விரிந்து சுருங்கிச் சரிக்கட்டிக்கொள்வதால் இந்தப் பெரும் வேற்றுமையை நாம் உணர்வதில்லை. சாதாரணக் கைப்பேசியில் உள்ள ஒளிமானியைக் கொண்டு இதனை ஏறத்தாழ அளந்துவிடலாம். அதுவும் வேண்டாமெனில், பகல் பன்னிரண்டு மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடித்துப் பாருங்கள். நிழலின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகத் தெரிந்தால் நிழல் ஜாதிகளுக்குப் போதும். நிழலே விழவில்லையானால் அங்கே விளக்கு அவசியம்.

விளக்கு வெளிச்சத்தைச் செடி ஏற்குமா என்ற ஐயம் நெடுநாளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. டெய்லர் கம்பெனியார் கோலாருக்கு வந்த அதே 1880-ஆம் ஆண்டில்தான், இங்கிலாந்தில் வில்லியம் சீமன்ஸ் என்ற எஞ்ஜினீயர், மின்வில் விளக்கின் கீழே இரவெல்லாம் செடிகளை வளர்த்து, அவற்றை லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் வைத்துக் காட்டினார். விளக்கை நேராகக் காட்டியபோது இலைகள் கருகின. நடுவே கண்ணாடியைத் தடுப்பாக வைத்தபோது செழித்தன. அன்று செல்வர்க்கே உரியதாயிருந்த அந்த விளக்கு, இன்று பத்து வாட் எல்.இ.டி. பல்பாக மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டு வெள்ளை ஒளிக்கு வழிவகுத்த அகஸாகி, அமானோ, நகமுரா என்னும் விஞ்ஞானிகள் மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பச்சையம் விரும்பி உண்பது நீலத்தையும் சிவப்பையும், வெள்ளை எல்.இ.டி.யில் இரண்டுமே உண்டு. எனவே ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த பிரத்தியேக விளக்குகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தூரம்தான் முக்கியம். விளக்கை விட்டு இருமடங்கு விலகினால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கு விலகினால் ஒன்பதில் ஒன்றாகும். கூரையில் எரியும் பல்பு நமக்குப் போதுமானதாகத் தோன்றினாலும், தரையிலுள்ள தொட்டிக்கு அது பட்டினிதான். அதே பத்து வாட் பல்பை, மேலே வெள்ளைத் தகடோ குடையோ கவிழ்த்து, செடியின் தலைக்கு ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டால், ஆயிரம் லக்ஸும் அதற்கு மேலும் கிடைக்கும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும், மாதத்துக்கு ஆகும் மின்சாரம் மூன்றரை யூனிட்டைச் சற்றே தாண்டும்; ஒரு பல்பின் கீழ் மூன்று, நான்கு சிறு தொட்டிகள் வாழலாம். விளக்கின் பின்னுள்ள சுவருக்கு வெள்ளையடித்தால், வீணாகச் சிதறும் ஒளியும் இலைக்குத் திரும்பி வரும்.

நிழல் ஜாதிகளுக்குப் பகல் எது, இரவு எது என்ற பேதம் விளக்கைப் பொறுத்ததே ஆகும். விடியுமுன் ரயிலுக்குப் புறப்படுகிறவர் ஏற்றி வைத்து, வீட்டிலிருக்கும் பெரியவர் மாலையில் அணைக்கலாம். அல்லது நேரம் வைத்தால் தானே ஏற்றி அணைக்கும் டைமர் பிளக்கை மாட்டிவிடலாம். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்பதே நியதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுதும் எரியவிட்டு மற்ற நாட்களில் மறந்துவிடுவது உதவாது. பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேர வெளிச்சமும், மீதி நேரம் ஓய்வும் கொடுப்பது உத்தமம். விளக்கு வைக்க வசதியில்லாதவர்கள், ஒரே ஜாதியில் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு, தாழ்வாரத்து நிழலில் ஒன்றும் உள்ளறையில் ஒன்றுமாகப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஷிப்ட் மாற்றி வரலாம். ஆனால் உள்ளறையிலிருந்து வந்த தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் இலை ஒரே நாளில் வெந்துவிடும்.

தண்ணீர், மண், தூசி

குறைந்த வெளிச்சத்தில் இருக்கும் செடி குறைவாகவே நீர் குடிக்கிறது. வீட்டுச் செடிகள் பெரும்பாலும் சாவது தாகத்தால் அன்று. அன்பின் மிகுதியால் தினமும் ஊற்றிய நீர் தேங்கி, வேர் அழுகிச் சாகின்றன. விரலை மண்ணில் இரண்டு கணு அளவு அழுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது நலம்.

எந்தத் தண்ணீர் என்பதும் இந்த மண்ணில் கேட்க வேண்டிய கேள்வி. வற்றாத நதி ஒன்றும் இல்லாத கோலார் ஜில்லா, ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழ்கிறது. அந்த நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு உப்பு மிகுதி. டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் என்னும் நீளிலைச் செடி, மராண்டா வகைகள் ஆகியவற்றுக்கு இந்த உப்பு ஆகாது. இலையின் நுனி பழுப்பாகக் கருகி உள்நோக்கிப் பரவும். நோய் என்று மருந்து தெளித்துப் பயனில்லை. மழைக்காலத்தில் கூரை நீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றினால், அடுத்து வரும் தளிர் நுனி கெடாமல் விரியும்.

தொட்டிக்குச் செம்மண், நன்கு மக்கிய எரு, தேங்காய் நார்த்தூள், சிறிது மணல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். சுரங்கத்துக் கழிவு மலைபோல் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து மாவு போன்ற மண்ணை மட்டும் தவறியும் எடுக்கலாகாது. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய அந்தத் தூளில் உயிர்ச்சத்து இல்லை. ரசாயனத்தின் மிச்சம் உண்டு.

அந்த மேட்டுத் தூசியோ அழையாமலே வீட்டுக்குள் வருகிறது. காற்றடிக்கும் காலத்தில் தங்கவயல் வீடுகளின் அலமாரியிலும் பாத்திரத்திலும் படியும் மெல்லிய சாம்பல் நிறத் தூள், செடியின் இலையிலும் படிகிறது. ஈரத் துணியை விரலில் சுற்றி, இலையின் கீழே மறு கையைத் தாங்கலாகக் கொடுத்து, காம்பிலிருந்து நுனிவரை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் கோடு இறங்க, அதுவரை மந்தமாயிருந்த இலை எண்ணெய் தடவியது போல் மினுங்கும். சொற்ப வெளிச்சத்தில் வாழும் செடிக்கு, அந்த வெளிச்சத்தையும் தூசி மறைத்தால் என்ன மிஞ்சும்? வாரம் ஒரு முறை இலையைத் துடைப்பது, பல வீடுகளில் ஒரு புதிய விளக்கை மாட்டுவதற்கு ஒப்பான பலனைத் தரும்.

சுரங்கத்தில் விளைந்த பயிர்

உலகத்தின் வேறு மூலைகளில், சூரியனே இல்லாத இடத்தில் பயிர் செய்வது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஃபிளின் ஃபிளான் என்னும் ஊரில், செம்பும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம் ஒன்றின் அடியில், விளக்குகளை மாட்டி மருத்துவத்துக்கான கஞ்சாச் செடியை வளர்க்க, அந்நாட்டுச் சுகாதார இலாகா 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் அளித்தது. லண்டனில் கிளாப்பம் பகுதியில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்குவதற்காகத் தோண்டிய, நூறடிக்கு மேல் ஆழமுள்ள சுரங்க அறையில், எல்.இ.டி. விளக்கின் கீழே கீரை வளர்த்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். நம் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் 2024 டிசம்பரில் ஏவிய ராக்கெட்டின் மேல்பகுதியில் சிறு பெட்டியொன்றில் காராமணி விதைகளை அனுப்ப, அவை நான்கே நாளில் முளைத்து, பின் இலையும் விரித்தன.

ஃபிளின் ஃபிளானில் விளக்கேற்ற ஒப்பந்தமான சில மாதத்துக்குள்ளேயே தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றபின், ஆழ்ந்த சுரங்க வழிகளை நிலத்தடி நீர் நிறைத்துவிட்டது. ஆகவே பாதாளத்தில் தோட்டம் என்ற கனவைத் தங்கவயலில் விதைப்பது வீண் ஆசை. அந்த அறிவையும் அந்த விளக்கையும் மேலே உள்ள வீடுகளுக்குப் பிரயோகிப்பதே நமக்குத் தக்கது. அலங்காரச் செடியோடு நிறுத்தாமல், அடுக்களை மூலையில் ஒரு தட்டில் வெந்தயத்தையோ கடுகையோ நெருக்கமாக விதைத்து, விளக்கின் கீழ் வைத்தால், பத்து நாளளவில் கத்தரித்துச் சமைக்கத்தக்க இளங்கீரை கிடைக்கும்; முளைப்பாரி வளர்த்த கைகளுக்கு இது புதிய வித்தையும் அன்று.

முதலில் வேண்டுவது சன்னல்

இவ்வளவும் சொன்ன பிறகு, செடிக்கு விளக்கு மாட்டுவதோடு கடமை முடிந்தது என்று யாரும் அமைந்துவிடக் கூடாது. வகுப்பறையில் பிள்ளைகள் படிப்பதற்கு 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நிழல் ஜாதிகளில் மிகப் பொறுமையானவையும் ஏறக்குறைய அதே அளவு வெளிச்சம் இருந்தால்தான் நிலைத்து வாழ்கின்றன. ஆகவே, மணி பிளாண்ட் வாடுகின்ற அறையில் ஒரு குழந்தை புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்குமானால், அக்குழந்தைக்கும் வெளிச்சம் போதவில்லை என்பதை அந்தச் செடி தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. செடியின் மஞ்சள் இலையைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போகிறவர்கள், அது சொல்லும் செய்தியையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள்.

ஓட்டு வீடானால் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓட்டைப் பதிப்பது, தகட்டு வீடானால் ஒளி ஊடுருவும் தகடு ஒன்றை இடையில் செருகுவது, சுவரில் உயரமாக ஒரு சிறு சாளரம் திறப்பது ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. லைன் வீடுகளைப் பழுது பார்க்கும் பொறுப்புள்ளவர்கள் இதனை ஒரு சலுகையாகக் கருதாமல், குடியிருப்பவரின் உரிமையாகவே கருத வேண்டும். சூரியனைக் கொண்டுவர இயலும் இடத்தில் சூரியனைக் கொண்டுவருவோம். இயலாத இடத்தில் விளக்கைக் கொண்டு அளந்து கொடுப்போம். நூற்றிருபது ஆண்டுக் காலம் இருளில் இறங்கித் தேசத்துக்குத் தங்கம் எடுத்துக் கொடுத்த மக்களின் வீடுகளில், ஒரு செடி தழைப்பதற்கும் ஒரு குழந்தை படிப்பதற்கும் போதிய வெளிச்சமாவது இருக்க வேண்டும். அதை உறுதி செய்வது தயவு அன்று, நெடுநாளாகத் தீராமல் நிற்கும் கடன்.